நீள்வடிவ நாட்டின் கடைசி முனை

அனலைதீவுப் பாடசாலைக்குப் புவியியல் படிப்பிக்கப் போனபோது, மூன்று வருடத்தில் இடமாற்றம் கிடைக்கும் என்றார்கள். இப்போது ஆறாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. கணவரும் ஏழு வயது மகளும் கடலுக்கு அப்பால் சரவணையில். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் வள்ளத்தை நம்ப முடியாது என்பதால் கிழமை நாட்களில் ஆசிரியர் விடுதியிலேயே தங்கிவிடுவேன். வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போனால் மகள் முதல் அரை மணித்தியாலம் என்னோடு பேசமாட்டாள், முறைத்துக்கொண்டே திரிவாள்.

அந்தத் தவணை உயர்தர வகுப்புக்கு நாடுகளின் வடிவம் பற்றிய பாடம். சிலியைக் கரும்பலகையில் வரைந்தேன். பலகையின் உயரம் போதாமல் தெற்கு முனையைச் சுவரில் காட்டவேண்டி வந்தது. நீள்வடிவ நாட்டில் தலைநகரின் முடிவு முனைக்கு வந்து சேர நாளாகும், முனையின் முறைப்பாடு தலைநகருக்குப் போய்ச் சேரவே சேராது, ஆகவே அரசு அலுவலர்களை அனுப்பி முனைகளைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். நாலு பிள்ளைகளும் குறிப்பெடுத்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் எரிச்சல். அனுப்பப்பட்ட அந்த அலுவலர் நான்தானே! இலங்கை நீள்வடிவ நாடு அல்ல, மாங்காய் மாதிரி உருண்டு திரண்ட நாடு என்றுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அனலைதீவில் இருந்து பார்த்தால் அப்படித் தெரியாது.

அந்த வருடம் மாற்ற விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதிபர் புதன் பின்னேரம்தான் ஒப்பமிட்டார். வியாழனும் வெள்ளியும் தவணைப் பரீட்சை, லீவு கேட்க வழியில்லை. இதற்குத் தீவில் ஒரு நடைமுறை உண்டு. முதல் வள்ளத்தில் யார் போகிறாரோ, அவர் கையில் ஊரின் படிவங்கள், மருந்துச் சீட்டுகள், கடிதங்கள் எல்லாம் போகும். தபாலும் அதே வள்ளத்தில்தான் போகிறது, ஆனால் ஆள் கையில் கொடுத்தால் அன்றைக்கே போய்ச் சேரும். கடிதத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள். உறையை எல்லோரும் வாசிப்பார்கள்.

கல்விப் பணிமனையின் சுற்றுநிருபம் கேட்டபடி உறையின் இடது மேல் மூலையில் ‘ஆசிரியர் இடமாற்றம்’ என்று முத்து முத்தாக எழுதினேன். வியாழன் காலை, பணிமனையில் சேர்க்கச் சொல்லி என் மாணவி ஒருத்தியின் தாயிடம் அதைக் கொடுத்தேன். “யோசியாதேங்கோ ரீச்சர், பத்து மணிக்கு முதல் குடுத்திடுவன்” என்றார்.

மூன்று கிழமையாகியும் பதில் இல்லை. பணிமனைக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். நேரே அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைக் கண்டதும் எழும்பி உள்ளே போனார். அலுமாரியில் சீலைகளுக்கு அடியிலிருந்து என் உறையை எடுத்துவந்து நீட்டினார். கசங்கக்கூட இல்லை.

“கல்விக் கந்தோர் வாசல் மட்டும் போனனான் ரீச்சர். உள்ளுக்குப் போக ஏலாமப் போச்சு. நீங்கள் போனா இவளுக்கு ஆர் படிப்பிக்கிறது? முந்தி இருந்த ரீச்சர் போய் ரெண்டு வருசம் ஒருத்தரும் வரேல்லை. மூத்தவள் அப்பதான் சோதினை எடுத்தவள். பெயில்.”

“எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு அக்கா!” என்று கத்திவிட்டேன்.

“தெரியும் ரீச்சர்.” அவர் அழத் தொடங்கினார். “தெரிஞ்சுதான் செய்தனான்.”

திட்டுவதற்கு வாய் நிறையச் சொல் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். உறையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று தெரிந்தது, அதுதான் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு வருடம்.

அன்று பின்னேரம் மகள் தொலைபேசியில் கேட்டாள், மாற்றம் எப்போது வரும் என்று. இந்த முறை வராது என்றேன்.

“ஆரம்மா உங்களை விடேல்லை?”

“ஒரு பிள்ளையின்ரை அம்மா.”



“நீங்கள் என்ரை அம்மா எண்டு அவவுக்குத் தெரியாதோ?”

“தெரியும்” என்றேன்.

மகள் தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.