சுடலை கழுவிய வண்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி கைமடித்துக் கொடுக்க வந்தவன் நான். இன்றைக்கு வீரபாண்டியில் எனக்குச் சொந்தமாக நிட்டிங் மிஷின்கள் ஓடுகின்றன. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன், அதில் என்னை அடிக்க ஆளில்லை. ஆனால் என் வேன் டிரைவர் சுடலையை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்து ஆள். துணியைச் சாயப்பட்டறையில் இறக்கிவிட்டு, சாயம் போட்டதை ஏற்றி வருவது அவன் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வண்டி அவன் வீட்டு வாசலில் நிற்கும்.

போன ஆவணியில் அவிநாசிபாளையம் ரோட்டில் டயர் பஞ்சர். சுடலை போன் செய்தான்.

"மொதலாளி, நட்டெல்லாம் கழட்டிட்டேன். வீலு வர மாட்டேங்கு."

மெக்கானிக் தனபாலைக் கூட்டிக்கொண்டு போனேன். நட்டுகள் மண்ணில் கிடந்தன. இழுத்துப் பிடிக்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் சக்கரம் அசையவில்லை. நானும் ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

தனபால் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இது புது வண்டிதானுங்களே? உள்ளார துரு ஏறி ஒட்டிக்கிச்சுங்க. கடலோரத்து வண்டியாட்டம் இருக்குதுங்க."

கடலோரம் என்றதும் என் புத்தி எங்கேயோ போயிற்று.

"ஏப்பா சுடலை, ஞாயித்துக்கெழமையில எனக்குத் தெரியாம ஊருக்கு ஓட்டிட்டுப் போய் மீன் லோடு அடிக்கிறயா?"

"என்ன மொதலாளி இப்படிக் கேக்கிய? வண்டி வாசல விட்டு நவுந்தா என் கை வெளங்காது."

"அப்புறம் துரு ஆகாசத்துல இருந்தா வந்துச்சு? சாவியக் குடு. நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

கொடுத்தான். முகம் செத்துப்போயிற்று.

தனபால் நட்டுகளைத் தளர்வாகத் திரும்ப மாட்டினார். ஜாக்கியை இறக்கி, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிப் பிரேக் அடித்தார். சில தடவை அடித்த பின் டப்பென்று ஒரு சத்தம். மறுபடி ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினால், துருவுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தனபால் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புங்க."

"பாத்தயா?" என்றேன், சுடலையிடம்.

"சத்தியமா தெரியாது மொதலாளி. சாயப்பட்டறையில கழுவுறதோட சரி."

"எந்தத் தண்ணியில கழுவுன?" என்று தனபால் கேட்டார்.

"பின்னால சுத்தம் பண்ணுன தண்ணித் தொட்டி இருக்குல்லா, அதுல. கண்ணாடி கணக்கா தெளிஞ்சு கெடக்கும்."

தனபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட ஏப்பா, சாயம் துணியில பிடிக்கறதுக்கு உப்புப் போடுவாங்கல்ல, அதத் திரும்பப் போடறதுக்குப் பிரிச்சு வெச்ச உப்புத் தண்ணி அது. உப்பளத்து ஊர்க்காரன், வாயில ஒரு சொட்டு விட்டுப் பாத்திருக்கலாமல்ல?"

"வண்டி கழுவுற தண்ணிய எவன் குடிச்சுப் பாப்பான்?"

கழுவாதவன் வண்டியெல்லாம் நன்றாக ஓடுகிறது. வாரம் தவறாமல் கழுவியவன், வண்டியைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறான். இவனைத் திட்டுவதா, மெச்சுவதா? இத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறவன், ரோட்டோரத்தில் முழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சாவியை அவன் கையில் வைத்தேன்.

"அப்ப இனிமே எதுல கழுவ, மொதலாளி? கம்பெனி போர் தண்ணியும் உப்புத்தான?"

"பனியன் வேஸ்ட்டுல தொடச்சுட்டுப் பொட்டு வெய்யி, போ."

சரியாகத்தான் சொன்னேனா என்று தனபாலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அசையவில்லை.