சுறா எண்ணெய் பூசிய பள்ளிக்கூடம்

வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடி ஊரில் வாத்தியாராக இருந்தபோது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை நான் வேண்டுமென்றே பெயிலாக்கினேன். பாவம்தான், ஆனால் வேறு வழியில்லை. எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். பாஸ் போட்டால் மறுநாளே பிள்ளை உப்பளத்து வேலைக்குப் போய்விடும். அதனால் ஒன்பது பேரை இரண்டாம் வருடமும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தேன்.

ஒரு தகப்பனார் கடற்கரையில் என்னை மறித்தார்.

"ஏன் சார், எம் மக என்ன அம்புட்டு மக்கா?"

"மக்கெல்லாம் இல்ல. கொஞ்சம் பொறுங்க."

"போன வருசமும் இதத்தான சொன்னீக!"

நாலாம் வகுப்பு கேட்டு மனுப் போட்டிருந்தேன். கொட்டகையும் பெஞ்சும் ஊரார் செய்து கொடுத்தால் நேரில் பார்த்து அனுமதி தருவதாக டிப்டி இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்? வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோரும் "ஆகட்டும் சார்" என்றார்கள்; கடலுக்குப் போய்விட்டார்கள். கடைசியில், மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்க் கத்தினேன். கத்துவது என் சுபாவம். பக்கத்து ஊருக்கு நாலாம் வகுப்பு வந்துவிட்டதென்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன்.

"அவனுக ஊருக்கா?" என்று எழுந்தவர் பிறகு உட்காரவே இல்லை. ஒரே மாதத்தில் ஓலைக் கொட்டகை எழும்பியது. பழைய வள்ளம் ஒன்றை உடைத்து ஆறு பெஞ்சு செய்தார்கள்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. சனி, ஞாயிறு சாயல்குடிப் பக்கம் என் ஊருக்குப் போய், சலவை வேட்டி கட்டிக்கொண்டு திங்கள் காலையில் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வாடை மூக்கில் அடித்தது. பள்ளியை நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டே போனது. கதவு, கம்பம், பெஞ்சு, என் நாற்காலி, எல்லாவற்றிலும் சுறா எண்ணெய் பளபளத்தது. ஊர்ப் பூனைகள் எல்லாம் வாசலில் அட்மிஷனுக்குக் காத்திருந்தன.

"யாருய்யா இந்த வேலையப் பாத்தது?" என்று கத்தினேன்.

சம்மாட்டி பெருமையாகச் சிரித்தார். "நாங்கதான். எப்படி இருக்கு சார்?"

பதில் சொல்லுமுன் ஜீப் வந்துவிட்டது. வெள்ளைக் கால்சட்டையில் இறங்கிய இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னய்யா இது?" என்றார்.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க சார். இந்த ஊர்க்காரங்கதான்..." என்று ஆரம்பித்தேன். ஒன்பது பிள்ளைகளின் படிப்பும் போயிற்று என்றே நினைத்தேன்.

சம்மாட்டி முன்னால் வந்தார். "நாங்கதாங்க பூசுனோம். உப்புக் காத்துல மரம் ரெண்டே வருசத்துல இத்துப் போகும். இத விட்டா வேற மருந்து கெடையாது. வள்ளத்துக்குன்னு வச்சிருந்த எண்ணெய் பூராம் இங்கனதான் இருக்கு. வள்ளம் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கிரும். அல்லா இருக்கான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சோறு போடுகிற வள்ளத்துக்கு வைத்திருந்ததை அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பூசியிருக்கிறார்கள். நானோ அதிகாரி முகம் சுளித்ததுமே அவர்களைக் கைகழுவப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். நேரே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பூனை ஒன்று காலை உரசிக்கொண்டிருக்க, நோட்டில் நெடுநேரம் எழுதினார். எழுந்தபோது கால்சட்டையின் பின்பக்கம் பெஞ்சுப் பலகை அப்படியே பதிந்திருந்தது. அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஜீப்பில் ஏறும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாலாம் வகுப்புத்தான் கேட்டிருந்தீங்க. அஞ்சாம் வகுப்பையும் சேத்தே எழுதிட்டேன். அதுக்குன்னு இன்னொரு தடவை என்னால இங்க வர முடியாதுய்யா."

கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு வகுப்புக்குள் ஓடினேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"நாலாம் வகுப்பெல்லாம் உக்காருங்க" என்றேன்.

யாரைச் சொல்கிறேன் என்று தெரியாமல் ஒன்பது பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.