சிவப்புப் புள்ளி வைத்த சக்கரம்

கரமனையில் சைக்கிள் சக்கரம் கோணி ஆடினால் தாசையனிடம்தான் போக வேண்டும். கம்பிகளை விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டே எது தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். தாமே புதிதாகக் கம்பி கோர்த்த சக்கரமென்றால், வால்வுத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். மனைவி சுசீலாபாயின் நகப்பூச்சுதான். "எனக்க நகத்துக்கு இல்லேங்கிலும் ஊருச் சக்கரத்துக்கெல்லாம் உண்டு" என்று அவள் முனகாத மாதமில்லை. அந்தப் புள்ளி இருந்தால் சக்கரத்துக்குத் தாசையன் பொறுப்பு. ரசீதெல்லாம் கிடையாது.

இந்த ஊர் மழைக்கும் கடல்காற்றுக்கும் வெறும் இரும்புக் கம்பி தாங்காது. துருப்பிடிக்காத கம்பிதான் போடுவார். புதுப் பெட்டி வந்தால் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். கப்பென்று பிடித்தால் போலி, திருப்பி அனுப்பிவிடுவார். கடைக்குச் சாமான் வாங்கும் வேலையைச் சுசீலாவின் தம்பி ஷாஜி ஏற்றுக்கொண்ட நாளோடு அந்தப் பழக்கம் நின்றது. மச்சினன் சாலைக் கடைத்தெருவிலிருந்து சுமந்து வந்த பெட்டியில் காந்தம் வைப்பது அவன் முகத்தில் காறித் துப்புவது போல என்று நினைத்தார். நல்ல மனுஷன்தான், இந்த ஒரு விஷயத்தில் சுத்த அசடு.

ஒரு நாள் ராஜஸ்ரீ டீச்சர் கையில் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆட்டோக்காரர் அவளுடைய சக்கரத்தைக் கடை வாசலில் வைத்தார். கிள்ளிப்பாலத்தில் கம்பிகள் படபடவென்று தெறித்து, பஸ்ஸுக்கு முன்னால் விழுந்திருக்கிறாள். டிரைவர் பிரேக்கை அமுக்கியதால் உயிர் பிழைத்தாள்.

"ஒங்க புள்ளி இருக்குன்னுதானே அண்ணா நம்பி ஏறினேன்" என்றாள்.

தாசையன் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். முறுக்கு கூடிப்போயிற்றோ? "எனக்க தப்புதான், மக்களே" என்றார். அவள் போன பிறகு ஒடிந்த கம்பிகளைக் கையில் எடுத்தார். எல்லாமே சக்கரத்தின் நடுவே ஹப்பில் மாட்டும் வளைவில் ஒடிந்திருந்தன. ஒடிந்த வாயில் பழுப்புத் துரு. கீழே சிதறும் பேரிங் குண்டுகளைப் பொறுக்க வைத்திருந்த காந்தத்தை நீட்டினார். கம்பி துள்ளி வந்து ஒட்டியது. பெட்டியில் மிச்சமிருந்த புதுக் கம்பிகளும் ஒட்டின. காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஷாஜி வீட்டுக்குப் போனார்.

ஷாஜி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "ஐயோ அத்தான், கடைக்காரன் நம்ம ரெண்டு பேரையும் சதிச்சிட்டான். லேபிளப் பாத்து நான் எப்பிடி அறிவேன்? எனக்க மக லிபியாணை, எனக்குத் தெரியாது!"

அவன் கண் கலங்கியதும் தாசையனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவம், இவனும் ஏமாந்தவன்தானே. கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினார்.

அங்கே ஷாஜியின் மகள் லிபியின் சைக்கிள் நின்றது. டீச்சருக்குக் கோர்த்த அதே மாதம்தான் அதற்கும் கோர்த்தார். பிள்ளை எங்கேயாவது விழுந்து வைக்கப்போகிறதே என்ற பதற்றத்தில் காந்தத்தை எடுத்துக் கம்பியில் வைத்தார். ஒட்டவில்லை. அடுத்த கம்பியும் ஒட்டவில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒன்றுகூட ஒட்டவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. இந்தச் சக்கரத்துக்கு மட்டும் பெட்டிக் கம்பி வேண்டாமென்று, பேப்பரில் பொதிந்து தனியாகக் கொண்டுவந்து கொடுத்தான் ஷாஜி. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பினார். வாசற்படியில் நின்ற ஷாஜியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒனக்க பிள்ளைக்கு நல்ல கம்பி தேடத் தெரிஞ்சிருக்கு, இல்லியாலே?" என்றார் தாசையன். "ஊரான் பிள்ளைக்கு எனக்க புள்ளி போதும்."

தாசையன் குனிந்து, லிபியின் சக்கரத்திலிருந்த சிவப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டி எடுத்தார். அதற்கு நல்ல கம்பியை ஷாஜியே தேடிக்கொண்டான்; அந்தச் சக்கரத்துக்கு இனி அவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. டீச்சருடையது போக, அந்தப் பெட்டிக் கம்பி போட்டு அவர் புள்ளி வைத்த பதினேழு சக்கரங்கள் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தன.