பதினொன்றுக்கு முன்னால் பன்னிரண்டு

1. மூடி மாறிய மேட்னி

பன்னிரண்டாம் ரீல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றாம் ரீல் என் கையில் இருந்தது.

திருவண்ணாமலையில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். படிப்பு எட்டாவது வரை. ரீல் நம்பர் டப்பா மூடியில் எழுதியிருக்கும். காலையில் துடைத்து அடுக்கும்போது இரண்டு மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். அடுத்த ரீலை மெஷினில் மாட்டும்போதுதான் பிலிமின் ஆரம்ப நுனியில் 11 என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன்.

படமோ 'சஸ்பென்ஸ் மன்னர்' என்று போஸ்டரில் போடும் பெரிய டைரக்டருடையது. பதினொன்றில் கதாநாயகி அடைக்கலம் தேடி டாக்டர் வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பாள். பன்னிரண்டில் டாக்டர் பீரோவைத் திறப்பார். உள்ளே கொலை செய்த கத்தி; டாக்டர்தான் கொலைகாரன். படத்தின் மொத்த மர்மமும் அதுதான். அதை நான் முன்கூட்டியே போட்டு உடைத்துவிட்டேன்.

வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். வீட்டு வாடகை, பெரியவளின் பள்ளிக்கூடம், எல்லாம் கண்முன் ஓடின. படத்தை நிறுத்தப் பயந்து, பதினொன்றை அடுத்து ஓட்டினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அலறல். "ஐயோ, காபிய குடிக்காதம்மா!"

படம் முடிந்ததும் மானேஜர் மாடியேறி வந்தார். கூடவே தையல்கடை பாய். வாரம் தவறாமல் பெஞ்சு டிக்கெட்டில் வருபவர்.

"இன்னா டைரக்டருப்பா!" என்றார் பாய். "கொலைகாரன நமக்குக் காட்டிட்டான், அந்தப் பொண்ணுக்குக் காட்டல. வேர்த்துப்போச்சு எனக்கு. மூளை ஜாஸ்தி அந்த ஆளுக்கு."

"ஆமாங்க பாய்" என்றேன்.

உண்மையைச் சொல்லப் பயம். மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். ஹவுஸ்புல்.

2. மன்னர் வந்தார்

கோயிலுக்கு வந்த டைரக்டரை மானேஜர் மேட்னிக்கு அழைத்து வந்துவிட்டார். ரீல்களைச் சரியான வரிசையில் ஓட்டினேன்.

காபி குடிக்கும் இடத்தில் ஒரு சத்தமில்லை. பீரோ திறந்ததும் பாயின் குரல் கேட்டது: "யோவ் ஆபரேட்டரு! ரீல மாத்தி ஓட்றியா?" விசில் பறந்தது.

இன்டர்வெல்லில் மானேஜருக்கு இருந்த சிரிப்பு படம் முடிந்தபோது இல்லை. டைரக்டரோடும் பாயோடும் கேபினுக்கு வந்தார். "பெரிய மனுஷன் எதிர்ல மானத்த வாங்கிட்டியேய்யா! நாளையிலருந்து வராதே."

"சார், கொலைகாரன எவ்ளோ அழகா முன்னாடியே காட்டியிருந்தீங்க" என்றார் பாய். "இந்த ஆளு கெடுத்துட்டான்."

டைரக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

"கரெக்டா புடிச்சீங்க பாய். அந்த எடத்த ஆறு மாசம் யோசிச்சேன்."

மற்றவர்கள் படியிறங்கியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "எதுக்கப்புறம் எதப்பா போட்ட?"

"பத்துக்கப்புறம் பன்னண்டு. அப்புறம் பதினொன்னு சார்."

கோயில் குங்குமப் பொட்டலத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். கீழே போய் மானேஜரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "ஆபரேட்டரை வெச்சுக்குங்க. சொல்லிக் குடுத்தா கத்துக்குவாரு."

வேலை தப்பியது.

3. அடுத்த படம்

இரண்டு வருஷம் கழித்து அவருடைய புதுப்படம் வந்தது. மூடியையும் பிலிமையும் மூன்று தடவை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். முதல் ரீல், இரண்டாவது நிமிஷம், கொலைகாரன் கையைக் கழுவிக்கொண்டு முகத்தை நேராகக் காட்டினான். மெஷினை நிறுத்திவிட்டேன்.

மானேஜர் ஓடிவந்தார். "இன்னாய்யா?"

"சார், கடைசி ரீல் மொதல்ல ஓடுது."

"யோவ், அது டைரக்டர் ஐடியாய்யா! பேப்பர்லாம் புகழ்ந்து எழுதியிருக்கான். உனக்கெங்க புரியப்போவுது? ஓட்டு!"

ஓட்டினேன்.

டைரக்டர் அந்த 'சஸ்பென்ஸ் மன்னர்' பேருக்குத் தகுதியானவரா என்று இன்றைய ஆபரேட்டர் தம்பிகள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது தொழில் மட்டும்தான். மூடியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். திறந்து, பிலிமில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.