நம்பர் கூடினால் மாத்திரையைக் குறைத்த வீடு

ரத்தம் எடுக்கிறவன் தெருவில் வந்தால் நாய்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் குரைக்கும்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடித்தவன் நான். என் கைராசி அப்படி: சட்டைக் கையை மடக்கியதுமே நரம்பு தானாக எழும்பி, 'வாங்க அண்ணாச்சி' என்று நிற்கும். வள்ளியூர்ப் பயில்வான் ஒருவர், நான் ரத்தம் எடுத்து முடித்து, காப்பியும் குடித்துவிட்டு வந்த பிறகு, 'எப்ப வே குத்துவீரு?' என்று கேட்டார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் கீழே வரப்போகிற கதையில் என் கைச்சரக்கு எதுவும் கிடையாது. விடியக்காலம் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, ஆறுகிற காப்பியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, நானும் உங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவன்தான்.

பஸ் ஏறிய ரத்தம்

சர்க்கரை, உப்பெல்லாம் எங்கள் கூடத்திலேயே பார்ப்போம். தைராய்டுக்கு அப்போது எங்களிடம் வசதி கிடையாது. ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிகிற நீரைப் பிரித்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பிளாஸ்க் கட்டுவது என்னோடு வேலை பார்த்த புன்னக்காயல்காரர் மரியதாஸ். முடிவு வர ஒரு வாரம்போல ஆகும்.

அப்படி ரத்தம் கொடுக்க வந்தவள் செண்பகம். பிறந்த வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம், வாய்க்காலின் கடைசியில் வாழை போடுகிற குடும்பம். புருஷன் நெல்லையப்பன் டவுனில் கூட்டுறவு வங்கியில் இருந்தார். இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கழுத்திலுள்ள தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்று டாக்டரம்மா கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். இப்போது மூன்றாவது தடவை. தைராய்டு சோதனையில் வருகிற நம்பர் கட்டுக்குள் இருந்தால்தான் பிள்ளைக்கு நல்லது என்று சொல்லி, சீட்டில் டி.எஸ்.ஹெச். என்று எழுதி அடிக்கோடும் போட்டு அனுப்பியிருந்தார். ஊசி ஏறும்போது செண்பகம் கையைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: "இது மெட்ராஸ் போயிட்டு வாரதுக்குள்ள உள்ள ஒண்ணும் ஆயிராதுல்லா, அண்ணாச்சி?"

சர்க்கரைக்காரரின் கணக்கு

முடிவு வாங்க நெல்லையப்பன் வந்தார். வாசலிலேயே நின்று வாசித்தார். இருக்க வேண்டிய அளவு பக்கத்தில் அச்சடித்திருக்கும். செண்பகத்தின் நம்பர் அதைத் தாண்டியிருந்தது. "கூடிட்டோ?" என்றார். "நம்பர் கூடித்தான் இருக்கு. என்ன செய்யணும்னு டாக்டரம்மா சொல்லுவாக" என்றேன்.

டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டி எழுதினார். நெல்லையப்பன் ஒரு முடிவோடு திரும்பி வந்தார். அவர் சர்க்கரை வியாதிக்காரர். நம்பர் ஏறினால் இனிப்பைக் குறை, இறங்கினால் மிட்டாயை வாயில் போடு என்று வருஷக்கணக்காக வாழ்ந்தவர். "ஏற்கெனவே கூடிக் கெடக்குன்னு எழுதிருக்கு, அந்தம்மா இன்னும் கூட்டிக் குடுங்காக. புள்ள தாங்குமா?" என்றார். டாக்டரம்மாவிடமே இன்னொரு தடவை கேளுங்கள் என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கூடுனா குறைக்கணும், குறைஞ்சா கூட்டணும். இதுல கேக்க என்ன வே இருக்கு?"

பிளாஸ்க் மேல் பழி

அடுத்த தடவை வந்த நம்பரைப் பார்த்துவிட்டு, சீட்டிலுள்ள பெயரை இன்னொரு தடவை வாசித்தேன். முன்னைப்போல இரண்டு பங்கு. டாக்டரம்மா போன் போட்டார். "மாத்திரையைக் கூட்டுன பெறவும் இப்படி ஏறுமா? வேற யாரு ரத்தத்தோடயும் மாறிப்போச்சா? வழியில ஐஸ் உருகிட்டா?" என்று சத்தம் போட்டார். இன்னொரு தடவை ரத்தம் எடுக்க என்னைத் தன் மருத்துவமனைக்கே வரச் சொன்னார். குழாயில் பெயரை நான்தான் எழுதினேன், மாறவில்லை. அன்றைக்குக் கிண்டலடிக்க எனக்கே வாய் வரவில்லை. அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு வயிறு இருந்தது. மரியதாஸ் மட்டும் காலிப் பிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்: "ஐஸ் உருகுனா தண்ணிதான் கூடும் அண்ணாச்சி, நம்பர் எங்கன கூடும்?"

பாக்குவெட்டி

மருத்துவமனைக்கு நெல்லையப்பனும் கூட வந்திருந்தார். செண்பகத்தின் முகம் ஊதி, குரல் கம்மிப்போயிருந்தது. நான் ரத்தம் எடுத்து முடித்தேன். டாக்டரம்மா பேனாவைத் திறந்து, "பழைய டப்பா தீர்ந்திருக்கும், புதுசுக்கு எழுதித் தாரேன்" என்றார்.

"தீரலியே, நெறைய கெடக்கு. இவுக பாக்குவெட்டியால வெட்டில்லா தாராக" என்றாள் செண்பகம். முதலில் பாதி, பிறகு கால். அந்தத் துணுக்கைத் தினமும் விடியுமுன் எழுந்து, கிண்ணியில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு நீட்டியிருக்கிறார் நெல்லையப்பன். பயத்தில் செய்த சேவை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டப்போகிறார் என்று நான் ஒதுங்கினேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "இந்த நம்பர் தைராய்டுச் சுரப்போட அளவு இல்ல. மூளைக்கு அடியில இருக்கிற ஒரு சுரப்பி, 'இன்னும் குடு, இன்னும் குடு'ன்னு கழுத்துச் சுரப்பியக் கேக்கும்லா, அந்தக் கேள்வியோட அளவு. உடம்புக்குக் காணலன்னா அது கூடும். மாத்திரை போதுமானா அதுவே அடங்கும். இப்ப வயித்துப் பிள்ளைக்கும் சேத்து வேணும்." செண்பகம் மெல்ல நிமிர்ந்தாள்: "அப்ப இது வாய்க்கால்ல ஓடுத தண்ணி அளவு இல்ல, எங்கய்யா மாதிரி கடைமடைக்காரன் தண்ணி வரலன்னு போடுத கூச்சல் அளவு!"

பெஞ்சில் ஒருவர்

முழு மாத்திரை தொடங்கிய ஒரு வாரத்தில் நெல்லையப்பன் தனியாக வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டுமாம். "இந்த மாத்திரை பையத்தான் வேலை செய்யும். நாலஞ்சு வாரம் ஆகாம எடுத்தா நம்பர் ஒண்ணும் சொல்லாது" என்றேன். டாக்டரம்மா சொல்லியிருந்ததுதான். நெல்லையப்பன் எழுந்து போகவில்லை. மறுநாளும் வந்தார்.

சத்து மாத்திரையையும் சேர்த்து ஒரே வாயில் கொடுப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். டாக்டரம்மாவிடம் ஓடச் சொன்னேன். இரும்புச் சத்து மாத்திரை தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, அதை மத்தியானத்துக்கு மாற்று என்று அவர் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அவரைச் சிரிக்க வைக்க வள்ளியூர்ப் பயில்வான் கதையை எடுத்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்: "யாரும் கெடுக்கல அண்ணாச்சி, இந்தக் கைதான் தினமும் எடுத்துக் குடுத்துது."

சீட்டு கை மாறியது

நாட்கள் போய் நம்பர் இறங்கியது. முதலில் அரை மனதாக, அப்புறம் இருக்க வேண்டிய இடத்துக்கே. இறங்கிய சீட்டை வாங்கியபோதும் நெல்லையப்பன் சிரிக்கவில்லை. மாசம் நிறைந்து பெண் பிள்ளை பிறந்த அன்றைக்கு எங்கள் கூடத்துக்கு வந்து, ஆளுக்கு ஒரு அல்வாப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். அவர் மட்டும் சாப்பிடவில்லை, சர்க்கரை.

பிரசவத்துக்குப் பின்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரத்தம் மெட்ராஸ் போய் முடிவு வந்தது. இந்தத் தடவை நம்பர் இருக்க வேண்டியதற்கும் கீழே. குடும்பமாக வந்திருந்தார்கள். பழக்கத்தில் நான் சீட்டை நெல்லையப்பனிடம் நீட்டினேன். செண்பகம் குறுக்கே கை நீட்டி வாங்கி, விரல் வைத்து வாசித்தாள். "இவ்வளவு குறைஞ்சிருக்குன்னா இப்ப மாத்திரை மிஞ்சிப்போச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்கும்போதே நெனச்சேன்" என்றாள். நெல்லையப்பன் பதறி, "குறைச்சிரலாமா?" என்றார். அவள் சீட்டை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்: "நீங்க இவளப் பிடிங்க, நான் போயி டாக்டரம்மாட்ட கேட்டுட்டு வாரேன்."

ரத்தம் கொடுத்த கையிலேயே சீட்டையும் கொடுத்து, அது என்ன கேட்கிறது என்றும் சொல்லிவிட்டால் எங்கள் தொழிலில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்; மிச்சப் பாதிக்குப் பஞ்சு வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்வதைத் தவிர எங்களிடம் வேறு மருந்து கிடையாது.