கீப்பரை மாற்றச் சொன்ன கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். கிங்ஸ்பரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் செயற்கைப் புல் மைதானம். கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு நானும் டாக்டர் செல்வராஜும் பெண்கள் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது கோல் விழுந்தது. எங்கள் வலைக்குள்தான்.

“யோவ், அந்தக் கீப்பர் நிக்குதா, தூங்குதாய்யா?” என்றார் டாக்டர்.

“மாத்தணும் டாக்டர். இந்தப் பொண்ணு வேலைக்கு ஆகாது” என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகவே.

தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப்போகிறது? முப்பது வருஷமாக லண்டனில் இருக்கிறவன், அதுவும் தெருவுக்குத் தெரு தமிழர் இருக்கிற கிங்ஸ்பரியில் நின்றுகொண்டு இப்படி நினைக்கலாமா? நினைத்தேன்.

நாலடி தள்ளி நின்ற ஒரு மனிதர் மெதுவாகத் திரும்பினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பஸ் டிரைவர்கள் போடுகிற கனத்த ஜாக்கெட். கையில் ஒரு பிளாஸ்க்.

“அண்ணை, கோலுக்கை நிக்கிறது என்ர மகள்” என்றார்.

டாக்டர் உடனே தன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துவிட்டார். அவர் போட்டிருந்த ஷூவில் லேஸே கிடையாது.

என் ஹாக்கிப் பைத்தியம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். மலேசியாவில், ஈப்போவில் பள்ளிக்கூட டீமில் நான் பதினான்காவது ஆள். பதின்மூன்று பேரைத்தான் வெளியூருக்கு அழைத்துப் போவார்கள். அதனால் ஆடிய அனுபவத்தைவிடக் கருத்துச் சொன்ன அனுபவம்தான் எனக்கு அதிகம். டாக்டர் கோவில்பட்டிக்காரர். அந்த ஊரில் ஹாக்கி தெரியாது என்று சொன்னால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்பார். நாங்கள் இருவரும் ஐந்தாறு வருஷமாக இந்த கிளப்பின் பெண்கள் முதல் அணிக்கு ரசிகர்கள். முழுநேர ரசிகர்களே நாங்கள் இருவர் மட்டும்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வருஷக் கோடையில் அணி கலைந்துவிட்டது. இரண்டு பேருக்குக் குழந்தை பிறந்தது. ஒருத்தி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். இரண்டு பேர் வேறு ஊரில் வேலை. பல வருஷமாக கோலில் நின்ற ஜூலி, முழங்கால் போதும் என்கிறது என்று சொல்லி ஓய்வு பெற்றுவிட்டார். பயிற்சியாளர் யோசித்துப் பார்த்துவிட்டு, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து ஆறு பேரைத் தூக்கி முதல் அணியில் போட்டுவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் லீக் தொடங்கியது. முதல் ஆட்டம் 4–1. இரண்டாவது 5–0. மூன்றாவது 6–1. எல்லாமே தோல்வி.

பார்க்க அழகாகத்தான் ஆடினார்கள். பாஸ் அழகு, ஓட்டம் அழகு. பந்து கிடைத்ததும் எட்டுப் பேர் எதிரணி கோலைப் பார்த்து ஓடுவார்கள்... பந்து பறிபோனதும் எட்டுப் பேரும் அங்கேயே நின்று இடுப்பில் கை வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கோல் விழும்போது கண் எங்கே போகும்? கீப்பரிடம்தான். தோல்விக்கு ஒரு முகம் வேண்டும் என்றால் அவர்தான் கிடைப்பார். அந்த முகத்திலும் கம்பிக்கூடு போட்ட ஹெல்மெட். மற்ற பெண்கள் “ஆபி! ஆபி!” என்று கத்துவார்கள். ஏதோ ஆங்கிலேயப் பெண் என்றுதான் நினைத்திருந்தேன்.

அபிராமியாம். எனக்கெப்படித் தெரியும்?

மூன்றாவது தோல்விக்குப் பிறகு இன்னொரு காரியமும் செய்திருந்தேன். கிளப் கமிட்டிக்கு ஒரு ஈமெயில். ‘நீண்ட நாள் ரசிகன் என்ற முறையில்...’ என்று தொடங்கி, கீப்பருக்கு அனுபவம் போதாது, ஜூலியை எப்படியாவது திரும்ப அழையுங்கள் என்று எழுதியிருந்தேன். காற்புள்ளிகளை டாக்டர் திருத்திக் கொடுத்தார்.

இப்போது வேலிக்குத் திரும்புவோம். நான்காவது ஆட்டம். அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து நின்றார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வரவில்லை.

“என்ர பேர் சிவநேசன். எனக்கு உந்த விளையாட்டு விளங்காது அண்ணை. கிரிக்கெட் எண்டால் தெரியும். இண்டைக்குத்தான் ஷிப்ட் மாத்திக்கொண்டு பாக்க வந்தனான்.” பிளாஸ்கை மறு கைக்கு மாற்றினார். “மூண்டு கிழமையா வீட்டில சரியாச் சாப்பிடுறாளில்லை. ஒண்டும் கதைக்கிறாளில்லை. விட்டிடப்போறன் எண்டு மட்டும் சொல்லுறாள். ஏ லெவல் படிக்கிற பிள்ளை, விட்டால் நல்லது எண்டு தாய் சொல்லுறா. நீங்கள் தெரிஞ்ச ஆக்கள். என்ன பிழை விடுறாள் எண்டு சொல்லுங்கோ. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.”

என்ன சொல்வது? “இளம் டீம்ங்க... டைம் எடுக்கும்” என்று எதையோ முனகினேன். மனிதர் விடவில்லை.

“அப்ப கோலுக்குப் பின்னால போய் நிண்டு பாப்பமோ? அங்கை வடிவாத் தெரியும்தானே?”

ஐந்தாறு வருஷத்தில் கோலுக்குப் பின்னால் போய் நான் நின்றதே இல்லை. அங்கே காற்று அடிக்கும். டீ விற்கிற ஜன்னலும் தூரம். ஆனாலும் இரண்டாவது பாதிக்கு மூன்று பேரும் போனோம்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எதிரணிப் பெண் ஒருத்தி கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்குள் வந்து ஓங்கி அடித்தாள். அபிராமி காலை நீட்டித் தடுத்தாள். பந்து முன்னால் உருண்டது. எங்கள் தடுப்பாட்டக்காரிகள் இரண்டு பேர் அதை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரணிப் பெண் மறுபடி அடித்தாள். அபிராமி விழுந்து கையால் தடுத்தாள். பந்து மறுபடி அதே இடத்துக்கு உருண்டது. மூன்றாவது அடி... அவள் எழுந்திருப்பதற்குள் வலைக்குள் போய்விட்டது.

“பிள்ளை ரெண்டு தரம் தடுத்தவள்தானே, அண்ணை?” என்றார் சிவநேசன். “பிறகு ஏன் திரும்பத் திரும்ப அடிக்க விடுகினம்? அந்த ரெண்டு பேரும் எங்கட ஆக்கள் இல்லையோ?”

ஹாக்கி தெரியாதவர் கேட்ட கேள்வி அது. ஹாக்கி தெரிந்த இருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வலையைப் பார்த்தேன். வலைக்குள் போன பந்துகளை நான்கு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகாத பந்துகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“உங்க பொண்ணு மேல தப்பில்லைங்க” என்றேன். “விட வேண்டாம்னு சொல்லுங்க.”

ஆட்டம் 4–0. சிவநேசன் பிளாஸ்கிலிருந்து எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமையும் வாறன் என்று சொல்லிப் போனார்.

திங்கட்கிழமை கமிட்டியிடமிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். ‘தங்கள் ஆலோசனை விவாதிக்கப்பட்டது. ஜூலி அடுத்த ஆட்டத்தில் ஆட இசைந்திருக்கிறார்.’ முப்பது வருஷத்தில் இந்த நாட்டில் கவுன்சிலுக்கும் கிளப்புக்கும் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் யாரும் கேட்டதில்லை. இதைக் கேட்டார்கள்.

‘நான் எழுதியது தவறு’ என்று ஒரு பதில் எழுதினேன். அனுப்பவில்லை. டாக்டரிடம் போனில் சொன்னபோது, “போன வாரம் ஒண்ணு சொல்லி இந்த வாரம் ஒண்ணு சொன்னா உம்மைக் கிறுக்கன்னு நினைப்பாங்கய்யா” என்றார். அது வசதியான காரணமாக இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஜூலி கோலில் நின்றார். அபிராமி டிராக் சூட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் இல்லாத முகத்தை அன்றுதான் பார்த்தேன். சின்னப் பெண். சிவநேசன் மறுபடி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நேரே கோலுக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன் அண்ணை, பிள்ளையை எடுத்துப்போட்டினமோ?”

டீ வாங்கி வருகிறேன் என்று ஜன்னல் பக்கம் நடந்தேன்.

5–0. தோல்வி. ஜூலிக்கு நாற்பதைத் தாண்டிய வயது, நல்ல அனுபவம், நல்ல குரல்... எல்லாம் இருந்தும் அதே கோல்கள், அதே மாதிரி. ஆட்டம் முடிந்ததும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பயிற்சியாளரிடம் வந்தார். மைதானம் முழுக்கக் கேட்கும்படிதான் பேசினார். எனக்கு முன்னால் யாராவது நிற்பார்கள் என்று சொன்னீர்களே, அவர்கள் எங்கே? இந்தப் பெண் நாலு வாரமாக இதைத் தனியாகவா செய்துகொண்டிருந்தாள்? இனி ஆட வர மாட்டேன், புதன்கிழமைப் பயிற்சிக்கு வேண்டுமானால் வருகிறேன், இந்தத் தடுப்பாட்டக்காரிகளோடு எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

நான் கார் பார்க்கில் சிவநேசனைப் பிடித்தேன். ஈமெயில் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ‘எழுதியபோது உங்களைத் தெரியாது’ என்று சேர்த்துக்கொள்ள நினைத்தேன்... அது இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

அவர் கார் கதவைத் திறந்து பிளாஸ்கை உள்ளே வைத்தார்.

“என்னட்டைச் சொல்லி என்ன அண்ணை? வெளியில இருந்தது நானில்லை. அவளிட்டைச் சொல்லுங்கோ.”

அபிராமி பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நேராகச் சொன்னேன். உன்னை மாற்றச் சொல்லி எழுதியது நான்தான்மா, தப்பு செய்துட்டேன், என்றேன்.

அவள் பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

“இட்ஸ் ஓகே, அங்கிள். அந்த ஃபர்ஸ்ட் மேட்ச்ல ரெண்டாவது கோல், தட் வாஸ் மை ஃபால்ட். நீங்கள் சொன்னது சரி.”

“நான் எப்போ சொன்னேன்?”

“கத்தினீங்கள். காலைச் சேத்து வைக்கத் தெரியாத கீப்பர் எண்டு.” பையைக் காரில் தூக்கிப் போட்டாள். “நீங்களும் அந்த டாக்டர் அங்கிளும் கத்துறது எல்லாம் எனக்கு விளங்கும். மற்ற ஆக்களுக்குத்தான் விளங்காது.”

முதல் ஆட்டத்திலிருந்தே! வேலி ஓரம் நின்று நாங்கள் அடித்த ஒவ்வொரு கமெண்ட்டும் அந்தக் கம்பிக்கூட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதினோரு பேரில் ஒருத்திக்கு மட்டும். யாரைச் சொன்னோமோ, அவளுக்கு மட்டும்.

“அப்பாட்ட ஏன் சொல்லலை?” என்றேன்.

“சொன்னா உங்களோட சண்டைக்கு வந்திருப்பார். ஹீ இஸ் லைக் தட்.” சிவநேசன் வானத்தைப் பார்த்தார். “அங்கிள், கத்தோணும் எண்டா டிஃபென்ஸுக்குக் கத்துங்கோ. இங்கிலீஷில.”

கார் போய்விட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

ரசிகர்களாகிய நாம் ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறோம். மைதானத்தில் நிற்கிறவர்களுக்கும் காது இருக்கிறது. பெரிய ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரம் பேர் கத்துவது ஒரு இரைச்சல்தான். அதில் யாருடைய சொல்லும் தனியாகக் கேட்காது. எங்களுடையது மாதிரி இரண்டு ரசிகர்கள் உள்ள அணிக்கு? ஒவ்வொரு சொல்லுக்கும் விலாசம் உண்டு.

அன்று இரவே கமிட்டிக்கு இன்னொரு ஈமெயில் போனது. இந்தத் தடவை டாக்டரிடம் காட்டவில்லை. கிறுக்கன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பதில் வரவில்லை. நியாயம்தான்.

ஆறாவது ஆட்டத்தில் அபிராமி மறுபடி கோலில். 2–1 தோல்வி. ஆனால் புதன்கிழமைப் பயிற்சியில் ஜூலி போட்ட சத்தம் வேலை செய்திருப்பது தெரிந்தது. முன்னால் ஓடும் எட்டுப் பேரில் மூன்று பேராவது திரும்பி ஓடிவந்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்... ஆனாலும் வந்தார்கள்.

போன சனிக்கிழமை ஏழாவது ஆட்டம். பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கும் அணி வந்தது. சிவநேசன், டாக்டர், நான் என்று மூன்று பேரும் கோலுக்குப் பின்னால். அங்கே இப்போதும் காற்றுதான். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாவது பாதியிலும் விழவில்லை. எங்களுக்கும் கிடைக்கவில்லை. எதிரணி கோல் பக்கம் எங்கள் பெண்கள் எட்டிப் பார்த்ததே மூன்று தடவைதான் இருக்கும்.

கடைசி நிமிஷத்தில் எதிரணிக்கு ஷார்ட் கார்னர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு, கோலுக்கு நேரே நின்று ஓங்கி அடிக்கலாம். தடுக்க கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான். சிவநேசன் பிளாஸ்கின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

அடி விழுந்தது. அபிராமி காலால் தடுத்தாள். பந்து முன்னால் உருண்டது. அதே இடம். “கிளியர் இட்!” என்று நாங்கள் கத்தினோம். அவளும் கத்தினாள், எங்களைவிடப் பலமாக. இரண்டாவது அடி. விழுந்து தடுத்தாள். அவள் எழவில்லை. பந்து மறுபடி உருண்டது... ஒரு மட்டை குறுக்கே வந்தது. எங்கள் மட்டை! தடுப்பாட்டக்காரி ஒருத்தி, போன மாதம் பந்தை விருந்தாளியைப் போலப் பார்த்தவள்தான், அதைப் பக்கக் கோட்டுக்கு வெளியே விரட்டினாள்.

விசில். 0–0.

பெண்கள் எல்லாரும் அபிராமியின் மேல் விழுந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் ஓடினார்கள். டாக்டர் என் முதுகில் அறைந்தார். ஏழு ஆட்டத்தில் முதல் புள்ளி.

சிவநேசன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணை, நாங்கள் வெண்டிட்டமோ?”

“இல்லைங்க. சமம். ஸீரோ–ஸீரோ.”

“அப்ப உவையள் ஏன் துள்ளுகினம்?”

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரும் துள்ளிக்கொண்டிருந்தார்.