தட்டுப்படாத கட்டி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. மார்பகப் புற்றுநோய் செல்களை ஆய்வகத்தின் சிறு வட்டத் தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தேன். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம் ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் மரபணு அடங்கிப்போனால் செல்கள் பிடியை விட்டு உதிரியாகிப் பரவும். ஒரு மருந்தை ஊற்றினால் சில தட்டுகளில் அந்த மரபணு மறுபடி வேலை செய்யும், செல்களும் ஒட்டிக்கொள்ளும். இதை வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

பொங்கல் விடுமுறைக்குத் திருவண்ணாமலை வந்திருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, இடது மார்பு கொஞ்ச நாளாகக் கெட்டியாக இருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். டாக்டரிடம் காட்டினாராம். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம்.

ஒட்டாத செல்கள் கட்டியாகத் திரளாமலே பரவக்கூடும். தொட்டுப் பார்த்தேன். உருண்டையாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் முழுக்கத் தடித்திருந்தது.

சதை எடுத்துப் பரிசோதித்துவிடலாம் என்றேன். அண்ணிக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வருகிறது, லீவு கிடைக்காது என்றார். டாக்டரைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா என்று அண்ணன் சலித்துக்கொண்டான். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. நான் விடவில்லை.

"உன் தட்டுல பாக்குறதயெல்லாம் என் ஒடம்புல தேடாத" என்றார் அண்ணி.

"தேடி ஒண்ணும் இல்லன்னா நிம்மதியா ஊருக்குப் போறேன் அண்ணி. ஒரே ஒரு நாள் லீவு போடுங்க."

மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். சதை எடுத்தார்கள். முடிவுக்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சென்னைக்குத் திரும்ப மனம் வரவில்லை. அந்த வாரம் போன் அடித்தால் எடுக்க அண்ணனும் பயந்தான்.

முடிவு வாங்கப் போன அன்று, லேபில் கெஞ்சிக் கேட்டு அந்தச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செல்கள் கூட்டமாக இல்லை. ஒற்றை வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. வெளியே பெஞ்சில் இருந்த அண்ணியிடம், புற்றுநோய்தான், செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

"திரும்ப ஒட்டவைக்கிற மருந்து இருக்குனியே. அத எனக்குக் குடுப்பாங்களா?"

"அது தட்டோட சரி அண்ணி. ஆளுக்குக் குடுக்கிற அளவுக்கு இன்னும் வரல."

அதைச் சொல்ல நான் பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை.

அந்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் இரண்டு நிணநீர்க் கணுக்களில் நோய் ஏறியிருந்தது. ஊசி மருந்து, கதிர்வீச்சு, பிறகு ஐந்து வருடம் மாத்திரை. முதல் ஊசிக்கு அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொட்டிய முடி சுருட்டையாக வளர்ந்தது. அண்ணி மறுபடி ஆபீசுக்குப் போனார். என் ஆய்வு முடிந்து பட்டம் வாங்கிய நாளில் அவரால் வர முடியவில்லை. தேர்தல் வேலையாம்.